என் கழிப்பறை வாசலில் பேச்சி

ஆமாம், ஏமாற்றியவள் நான்தான். பேச்சியை என் வீட்டுக் கழிப்பறைக் கதவின் முன்னால் நிறுத்தி, அதை அவள் வீட்டுக் கழிப்பறை என்று படமெடுத்து அனுப்பினேன்.

முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்துக்காக நான் இதை எழுதவில்லை.

அலங்காநல்லூருக்குத் தெற்கே எங்கள் ஊர். சுகாதாரத் திட்டத்தில் நான் ஊக்குநர். வீடு வீடாகப் போய்க் கழிப்பறை கட்டச் சொல்வதும், கட்டியபின் வீட்டுக்காரரை அதன் முன்னால் நிறுத்திச் செல்போனில் படமெடுத்து ஏற்றுவதும் என் வேலை. பக்கத்து வீட்டுப் பேச்சிக்குக் குழி மட்டும் தோண்டியிருந்தார்கள். கொத்தனார் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டார். ஊரில் அவள் வீடு ஒன்றுதான் பாக்கி.

மேலதிகாரி போனில் கத்தினார். "ஒரு வீட்டுக்காக ஊரையே நிறுத்தி வைக்கவா? படம் ஏறட்டும்மா, கட்டுறதப் பின்னால பாத்துக்கலாம்."

அவரைக் குற்றம் சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. அவர் கத்தினார், கதவைக் காட்டியது நான். திறந்தவெளியில் மலம் கழிக்காத ஊராட்சி என்று பலகை வைப்பார்கள், அதன் பக்கத்தில் நானும் நிற்பேன் என்று ஓர் ஆசை... ஆசைப்பட்டது தப்பா? அன்றைக்கு எனக்குத் தப்பாகத் தெரியவில்லை.

"மதினி, இது ஒங்க வீட்டுதுல்ல?" என்றாள் பேச்சி.

"சும்மா நில்லுடி. அடுத்த மாசம் ஒனக்கும் கட்டிருவாய்ங்க."

நின்றாள். முந்தானையைச் சரிசெய்துகொண்டு சிரிக்கக்கூடச் செய்தாள். அடுத்தடுத்த வீடு என்பதால், படத்தோடு இடத்தையும் குறிக்கும் அந்தச் செல்போனுக்கும் சந்தேகம் வரவில்லை.

படம் ஏறியதும் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே 'முடிந்தது' என்று விழுந்தது. முடிந்ததை யார் வந்து கட்டுவார்கள்? குழியில் மழைத்தண்ணீர் நின்றது. கடைசியில் அவளே மண்ணைத் தள்ளி மூடிவிட்டாள்.

பேச்சிக்குக் கர்ப்பப்பை எடுத்த உடம்பு. வாய்க்கால் கரையிலிருக்கும் கருவேலங்காட்டுக்கு நடக்க மாட்டாமல், பொழுது சாய்ந்தால் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்து மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி அனுப்பினார்கள்! உங்கள் வீட்டுக்கு வந்து போய்க்கொள்ளட்டுமா என்று என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டாள். எங்கள் குழி சீக்கிரம் நிரம்பிவிடும் என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

பிறகு கிராம சபையில் பட்டியலை வாசித்தார்கள். ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்றார்கள். பேச்சி எழுந்தாள்.

"எங்க வீட்ல கக்கூஸ் இல்லையே சார்."

வந்திருந்த அலுவலர் செல்போனைத் திருப்பிக் காட்டினார். "இது நீங்கதானம்மா?"

"நான்தேன்."

கூட்டம் சிரித்தது. அவள் என்னைப் பார்த்தாள். நான் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளைச் சரிபார்ப்பவளைப்போலக் குனிந்துகொண்டேன்... அவள் உட்கார்ந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் கேட்டேன். "ஏண்டி என்னையச் சொல்லல?"

"நீங்களா எந்திரிச்சுச் சொல்லுவீங்கன்னுல்ல மதினி பாத்துக்கிட்டிருந்தேன்."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். அது எனக்கு நன்றாக வரும்.

அதன்பின் இரண்டு முறை கிராம சபை கூடிவிட்டது. இரண்டிலும் நான் வாய் திறக்கவில்லை. சொன்னால் என் வேலை போகும், ஊருக்கு வைத்த பலகையைப் பிடுங்குவார்கள், ஊரே என்மேல் பாயும்... பயமா? பயம்தான். இன்று காலையும் பேச்சி செம்பை எடுத்துக்கொண்டு, அடிவயிற்றில் கையை வைத்தபடி என் வாசலைக் கடந்து போனாள்.

மன்னிப்புக் கேட்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். மன்னிக்க நீங்கள் யார்? இத்தனையையும் உங்களிடம் தயங்காமல் சொல்ல முடிகிறதே, ஏன் தெரியுமா? அந்தக் கூட்டத்தில் நீங்கள் இல்லை.