பெயரை நிறுத்திய வெள்ளிக்கிழமை

"உங்கள் டொமைன் பெயர் இன்று முதல் நிறுத்தி வைக்கப்படுகிறது. காரணம்: விற்பனையாளரின் நற்பெயரைப் பாதிக்கக்கூடிய அரசியல் உள்ளடக்கம்."

டொமைன் விற்றவர் என் வாட்ஸ்அப்புக்கு ஆங்கிலத்தில் அனுப்பிய கடிதத்தின் தமிழ் இது. அச்செடுத்துக் கோப்பில் வைத்திருக்கிறேன். மூலையில் தேதியும் மணியும் இருக்கின்றன. தேதியை இங்கே எழுதினால் எந்தத் தேர்தல், எந்த வேட்பாளர் என்று எங்கள் ஊரில் யார் வேண்டுமானாலும் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் விடுகிறேன். வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து கடைகள் மறுபடி திறந்த நேரம்.

எங்கள் பகுதியான டத்தோ கிராமாட்டில் எங்களுக்கு ஒரு மரண சகாய சங்கம் இருக்கிறது. உறுப்பினர் வீட்டில் சாவு என்றால் வண்டி, பெட்டி, தகனத்துக்கு இடம் எல்லாம் சங்கம் பார்த்துக்கொள்ளும். அதன் இணையப் பக்கத்தை நான் கவனித்துவந்தேன். இறந்தவர் பெயர், நாள், தகனம் செய்த இடம் ஆகியவற்றைச் சரிபார்த்துப் போடுவது என் வேலை. மற்றப் பக்கங்கள் செயலாளருடையவை. தேர்தல் நெருங்கியதும் அவர் ஒரு கட்டுரை போட்டார். சுங்கை பாக்காப் பக்கம் இருக்கும் சுடுகாட்டுப் பாதையைச் செப்பனிடுவதாகச் சொல்லி வாக்கு வாங்கியவர் அந்தப் பாதையில் ஒரு முறையாவது நடந்தாரா என்று கேட்டிருந்தார். கேள்வி நியாயம். அதோடு நிற்காமல் அந்த மனிதரின் மனைவியையும் மகளையும் இழுத்து நான்கு வரி சேர்த்திருந்தார். அந்த வரிகளை எடுக்கச் சொன்னேன். "நீ செத்தவங்க கணக்கப் பாரு தம்பி, உசுரோட உள்ளவங்கள நான் பாத்துக்கறேன்" என்றார்.

கடிதம் வந்ததும் அவரைக் கூப்பிட்டேன். வருத்தப்படுவார் என்று நினைத்தேன். அவருக்குச் சந்தோஷம்தான். "பயந்துட்டானுங்க லா" என்று சிரித்தார். கட்டுரையைத் தாளில் அடித்துப் பாசார் சந்தையில் கொடுக்கலாம் என்று திட்டம்கூடப் போட்டார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே எனக்கு இன்னொரு அழைப்பு வந்தது.

அழைத்தவர் எங்கள் உறுப்பினர். அந்த வாரம்தான் கணவரை இழந்தவர். கணவர் மேற்காசியத் துறைமுகம் ஒன்றில் கப்பல் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தார், அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடலைக் கொண்டுவரும் பொறுப்பைச் சங்கம் ஏற்றிருந்தது. அங்குள்ள ஈமச்சடங்கு முகவர் தாள்களைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்புவார். பெயரும் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்ணும் சரி என்று அதே முகவரியிலிருந்து நாங்கள் பதில் போட்ட பிறகுதான் பெட்டியை மூடி முத்திரை வைப்பார்கள். விமானச் சரக்குப் பிரிவு இங்கே மாலை மக்ரிப் பாங்கு சொல்லும் நேரத்துக்குள் அங்கே மூடிவிடும். தவறினால் அடுத்த விமானம் திங்கட்கிழமைதான் இங்கே வந்து சேரும்.

"தம்பி, ஈமெயில் திரும்பித் திரும்பி வருதாம். அப்படி ஒரு முகவரியே இல்லங்கிறாங்க" என்றார்.

டொமைனை நிறுத்தினால் பக்கம் மட்டும் மறைவதில்லை. அந்தப் பெயரில் இருக்கும் மின்னஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும். எனக்கு இது தெரியும். கடிதத்தைப் படித்தபோது தோன்றவில்லை. மற்ற அழைப்பில் காத்திருந்த செயலாளரிடம் சொன்னேன். அவர் சிரிப்பு நின்றது. கட்டுரையைத் தாளில் அடிக்கும் பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவேயில்லை.

எங்களுக்கு டொமைன் என்னும் இணையப் பெயரை விற்றவரின் கடை கெலுகோரில், பல்கலைக்கழக மாணவர்கள் நகல் எடுக்கும் வரிசைக் கடைகளுக்கு மேல்மாடியில். முப்பது வயதுக்காரர், எங்கள் பகுதியில் வளர்ந்தவர். கோயில்கள், கேட்டரிங்காரர்கள், டியூஷன் சென்டர்கள் எல்லாம் அவரிடம்தான் பெயர் வாங்குவார்கள். இருவரும் கிளம்பினோம்; பாலத்துப் பக்கம் நெரிசல். செயலாளர் காரை ஓட்டினார், நான் முகவருக்கு என் சொந்த மின்னஞ்சலைக் கொடுத்துப் பார்த்தேன். உடலை அனுப்பும் விண்ணப்பத்தில் அச்சிட்டிருக்கும் சங்க முகவரி தவிர வேறு எதற்கும் அனுப்ப முடியாது, மாற்ற வேண்டுமானால் தலைவர் கையெழுத்தும் சங்க முத்திரையும் போட்ட கடிதம் வேண்டும் என்று பதில் வந்தது. தலைவர் அன்று ஈப்போவில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

கடைக்காரர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார். செயலாளர் உட்காரவில்லை.

"யாரு தம்பி சொன்னா, மூடச் சொல்லி?"

யாரும் சொல்லவில்லை என்றார் அவர். கட்டுரை வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, பக்கத்தின் அடியில் அவருடைய கடைப் பெயர் இருக்கிறது, இரண்டு வாடிக்கையாளர்கள் கேட்டுவிட்டார்கள். "எனக்கும் கடை இருக்குண்ணே. அவரு பொண்ணப் பத்தி நீங்க எழுதினது என் பேருக்குக் கீழதானே நிக்குது? கம்பெனி ரூல்ல அது இருக்கு. நான் கைய வச்சது ஒரு பட்டன்ல. ஈமெயிலு போவும்னு நெனைக்கல."

"நெனைக்கலயா? நீ டொமைன் விக்கிறியா, கச்சான் கடலை விக்கிறியா?"

கடைக்காரர் கணினியின் முன் உட்கார்ந்தார். நிறுத்தும்போது அவர் தேர்ந்தெடுத்த காரணம் "கொள்கை மீறல்". அந்தக் காரணத்தைப் போட்டால் விவகாரம் அவருக்கு மேலே இருக்கும் வெளிநாட்டுப் பதிவாளர் நிறுவனத்திடம் போய்விடும். அவரே திறக்க முடியாது. மறுபரிசீலனை கேட்கலாம். கேட்டதை உறுதிப்படுத்த, வாடிக்கையாளரின் பதிவு முகவரிக்கு ஓர் இணைப்பு வரும். அதைத் தட்ட வேண்டும்.

எங்கள் பதிவு முகவரி அந்த டொமைனிலேயே இருந்தது.

முந்தைய ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றிய தீர்மானம் அது. இலவச மின்னஞ்சல் வைத்திருப்பது சங்கத்தின் மரியாதைக்கு அழகில்லை என்று எல்லா இடத்திலும் சங்கத்தின் பெயரிலேயே முகவரியை மாற்றியிருந்தார்கள். வங்கி, நகராண்மை, டொமைன் பதிவு எல்லாவற்றிலும். இப்போது சாவி, பூட்டிய வீட்டுக்குள்ளேயே கிடந்தது.

கடைக்காரர் பதிவாளரின் உதவி எண்ணை அழைத்தார். காத்திருப்பு இசை ஓடிக்கொண்டேயிருந்தது. கட்டுரையை இப்போதே எடுத்துவிடுகிறேன் என்றார் செயலாளர். பக்கமே திறக்காதபோது எடுத்தாலும் யாருக்கும் தெரியாது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. கணவரை இழந்த அந்த அக்கா மறுபடி அழைத்தார். நான் ஒலிபெருக்கியில் போட்டேன். இடம் எது, கூட இருப்பவர் யார் என்று சொன்னேன். அவர் கடைக்காரரிடம் நேராகப் பேசினார்.

"தம்பி, எனக்கு அந்த எலெக்‌ஷன் விஷயம் ஒண்ணும் தெரியாது. அந்த ஈமெயில்ல எம் புருஷன் பேரு இருக்கு. அது வந்தாத்தான் அவரு வருவாரு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கடைக்காரர் "கண்டிப்பா கா" என்றார். பிறகு, உதவி எண்ணில் ஒரு மனிதக் குரல் வந்ததும் அவர் கெஞ்சியதை நான் முழுக்கக் கேட்டேன். மறுமுனையில் இருந்தவர் கொள்கைக் குழு திங்கட்கிழமைதான் வேலைக்கு வரும் என்று மரியாதையாகச் சொன்னார்.

தலைவரை ஈப்போவில் பிடித்தோம். கல்யாண மண்டபத்துக்குப் பக்கத்தில் நகல் கடை தேடிக் கடிதத்தில் கையெழுத்திட்டு ஸ்கேன் செய்து எங்களுக்கு அனுப்பினார். முத்திரை டத்தோ கிராமாட் அலுவலகத்தில் இருந்தது. செயலாளர் அதை எடுக்கப் போனார், நெரிசலில் மாட்டிக்கொண்டார். கடிதம் முகவரைச் சேர்ந்தபோது கெலுகோர் பள்ளிவாசலில் பாங்கு முடிந்து கொஞ்ச நேரம் ஆகியிருந்தது.

சனிக்கிழமை வர வேண்டியவர் திங்கட்கிழமை வந்தார். சுங்கை பாக்காப் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்த உறவினரில் பாதிப்பேர் ஞாயிறு மாலையே வேலைக்குத் திரும்பிவிட்டார்கள். வீட்டில் பந்தல் இரண்டு நாள் ஆளில்லாமல் நின்றது. தகனத்துக்குக் கடைக்காரரும் வந்து, கூட்டத்தின் கடைசியில் நின்றார். செயலாளர் அவருக்கு ஒரு தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு இதைப் பற்றி நிறையப் படித்தேன். எந்த வாடிக்கையாளர் வேண்டும் என்று கடைக்காரர் தேர்ந்தெடுக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீட்டைக் கொளுத்தச் சொல்லி ஒரு பக்கம் எழுதியிருந்தால் அன்றைக்கே நிறுத்தச் சொல்லி நானே போய் நின்றிருப்பேன். ஆனால் ஒரு மகளை இழுத்து எழுதியதற்கு அந்தக் குடும்பம் வழக்குப் போட்டிருக்கலாம், சங்க உறுப்பினர்கள் செயலாளரை மாற்றியிருக்கலாம். இரண்டுக்கும் விசாரணை உண்டு, பதில் சொல்ல நாள் உண்டு. பெயர் விற்றவர் தன் பெயர் கெடுகிறதே என்று ஒரு பட்டனை அழுத்தியபோது கட்டுரையோடு என்னென்ன நிற்கும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. இது என் கருத்து. பெயரை நிறுத்தியது தவறு என்பதில் செயலாளருடன் நான் ஒத்துப்போகிறேன், அந்த நான்கு வரிகளில் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அந்த அக்கா என்னிடம் ஒன்று கேட்டார். அன்று மின்னஞ்சல் ஒழுங்காகப் போயிருந்தால் சனிக்கிழமையே அவர் வந்திருப்பாரா? நான் முகவருக்கு எழுதினேன். அந்த விமானத்தில் சரக்கு இடம் காலையிலேயே நிரம்பிவிட்டதாக ஞாபகம், உறுதியில்லை என்று எழுதினார். விமான நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன், பதில் இல்லை. முகவர் சொன்னது உண்மையானால் அந்த இரண்டு நாள் தாமதத்துக்குக் கடைக்காரரும் காரணமில்லை, செயலாளரும் காரணமில்லை. அக்காவிடம் முகவர் சொன்னதைச் சொன்னேன், சரிபார்க்க முடியவில்லை என்பதையும் சொன்னேன். இதை எழுதும் வரை அது சரிபார்க்கப்படவில்லை.