அண்ணனுக்கு வைத்த செய்வினை

விளாங்குடி செல்லத்தாய் பஸ் கண்டக்டரிலிருந்து கோவில் பூசாரி வரை யாரையும் சும்மா விடமாட்டாள். ஆனால் மலத்தோடு ரத்தம் போவதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துக் குடித்தே பாதியாக இளைத்துப் போனாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில், மகள் இருளாயிக்குப் பரிசம் போட நாள் குறித்திருந்த சமயம், வயலில் மயங்கி விழுந்தாள். டவுனுக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். பெருங்குடல் முழுக்கப் புண்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருந்துச்சா?"

"இல்லைங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அண்ணன் சோணையும் இப்படி ரத்தம் போய்த்தான் செத்தான். ஆனால் அது பங்காளி வைத்த செய்வினை என்று ஊரே முடிவு கட்டியிருந்தது. எங்கள் ஊரில் அப்படி ஒரு பெயர் வைத்துவிட்டால் போதும், அப்புறம் யாரும் வைத்தியம் பார்க்க வேண்டியதில்லை.

"ஏன் கேட்டேன்னா, இது ரத்த வழியில வர்றதுண்டு. எல்லாருக்கும் வராது. ஆனா இருக்குற குடும்பத்துல வர வாய்ப்பு கூடுதல்" என்று சொல்லி டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அண்ணனுக்கு வந்ததும் இதே சீக்குதான் என்று செல்லத்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது. இருளாயிக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை சோணையின் மகன் காளை. மாமன் மகன் இருக்கும்போது பெண்ணை வெளியில் கொடுத்தால் அண்ணன் வீட்டுப் படியை அப்புறம் மிதிக்க முடியாது. அவனுக்கே கொடுத்தால், பிறக்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இந்த ரத்தம்.

பரிசத்தன்று தட்டு மாற்றப் போகும் நேரத்தில் எழுந்தாள். 

"மதினி, அண்ணனுக்கு வந்தது செய்வினை இல்ல. எனக்கும் அதே சீக்குதான். நம்ம ரத்தத்துல இருக்கு. இந்தக் கல்யாணம் வேணாம்."

சோணையின் மனைவி ஒச்சாயி கொதித்துப் போனாள். "செத்த மனுசனை இழுத்து, கல்லாட்டம் இருக்குற எம்மகனைச் சீக்காளி ஆக்குறியா? இனிமே என் வாசல்ல கால் வைக்காத!"

மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மகளையாவது காப்பாற்றினோம் என்று செல்லத்தாய் உள்ளே போனாள்.

பட்டுச்சேலையோடு இருளாயி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் நின்ற கோபமென்று நினைத்துச் செல்லத்தாய் அவள் தோளைத் தொட்டாள்.

"ஆத்தா, எனக்கும் தை மாசத்துலேருந்து ரத்தம் போகுது. சொன்னா கல்யாணம் நின்னுருமேன்னுதான் சொல்லல."

செல்லத்தாய் மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"கெளம்புடி டாக்டர்ட்ட. உங்க மாமனைச் சாக விட்ட மாதிரி உன்னைய விட மாட்டேன்."