பெரியப்பாவைச் சுத்தம் செய்த கதை

மலாக்காவில், காஜா பேராங்கில் நாங்கள் இருந்த பலகை வீட்டு வாசலில் வெயில் காய்ந்தது கருவாடும் பெரியப்பாவும்தான். கருவாட்டைப் பூனை இழுக்காமலும் பெரியப்பா மேல் கோழி ஏறாமலும் பார்த்துக்கொள்வது என் வேலை.

பெரியப்பா என்றால் அவருடைய படம். ஜப்பான்காரன் சயாம் ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போனவர், திரும்பவில்லை. பெரியம்மாவுக்கு மிஞ்சியது அந்த ஒற்றைப் படம்தான். மலாக்கா ஈரத்தில் அது கண்ணாடியோடு ஒட்டி, பூசணம் பூத்து, சட்டையைத் தின்று முகத்துக்கு ஏறியிருந்தது. பெரியம்மா சட்டத்துக்குப் பின்னால் கற்பூரம் வைப்பார், கிராம்பு வைப்பார், வெயிலில் வைப்பார். பூசணம் அடங்கியதோ இல்லையோ, பெரியப்பா மங்கிக்கொண்டே வந்தார். இன்னொரு மழைக்காலம் தாங்காது என்று அம்மா சொன்ன அன்றைக்குப் பெரியம்மா சாப்பிடவே இல்லை.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வந்த வருஷம் அது. ஊரே புதுசாகும்போது அத்தான் மட்டும் ஏன் இப்படி என்று மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. மாமா, அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி. வாய் கொஞ்சம் பெரிசு. படத்தைத் துண்டில் சுற்றிச் சைக்கிளில் கொண்டுபோய், துக்காங் எமாஸ் தெருவைத் தாண்டி ஒரு சீனர் போட்டோக் கடையில் கொடுத்தார். கடை முதலாளியான தௌக்கே பழைய படத்தைப் படமெடுத்து, புதுப் பிரதியில் தூரிகையால் கறை நீக்கித் தந்தார்.

வந்த படத்தைப் பார்த்து நான் கைதட்டினேன். அடேயப்பா, என்ன அழகு! சினிமாக்காரன் தோற்றான். முகம் வழுவழுவென்று இருந்தது.

பெரியம்மா வெகுநேரம் பார்த்தார்.

"யாருடா இது?"

"என்னாக்கா, அத்தானைத் தெரியலையா?"

"அவரு மூஞ்சியில இருந்த அம்மைத் தழும்பெல்லாம் எங்கடா?"

தௌக்கே அதையும் பூசணம் என்று நினைத்துத் துடைத்துவிட்டிருக்கிறார். "விடுங்கக்கா, இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்காரு" என்றார் மாமா. அந்த வாய்க்கு அன்றைக்கு எங்கள் வீட்டில் காப்பிகூடக் கிடைக்கவில்லை. பழைய படத்திலோ, பூசணம் எது தழும்பு எது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் பெரியம்மா என் பென்சிலை வாங்கிச் சீவிக்கொண்டு புதுப் படத்தின் முன் உட்கார்ந்தார். பழையதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொள்வார், விரல்கள் காற்றில் எதையோ மெல்லத் தடவும், பிறகு கண்ணைத் திறந்து கன்னத்தில் ஒரு புள்ளி வைப்பார். மறுபடி மூடுவார். புருவத்துக்குக் கீழே ஒன்று, உதட்டோரம் ஒன்று.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவு நல்ல படத்தை இப்படிக் கெடுக்கிறாரே!

"அம்மா, பெரியம்மா படத்துல கிறுக்குறாங்க!"

ஓடிவந்த அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டார். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவரோ என் வாயைப் பொத்தி அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"பாக்காமலே எப்படிம்மா அவங்களுக்கு எடம் தெரியுது?"

அம்மாவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

"வாய மூடிக்கிட்டு வெங்காயத்த உரிடி" என்றார்.

உரித்தேன். கேட்ட கேள்விக்குப் பதில், எனக்குக் கல்யாணமாகி வெகு நாளைக்குப் பிறகு, என் விரல்களுக்குத்தான் கிடைத்தது.