நின்று நின்று ஓடிய கடிகாரம்

விசில் டீச்சர் ஓய்வு பெற்றாலும் அவர் கழுத்து விசில் ஓய்வு பெறவில்லை. பள்ளி மைதானத்தில் உடற்பயிற்சி வகுப்புக்கு ஊதியது போதாதென்று இப்போது வீட்டுக் கூடத்தில் ஊதினார். அதைக் கேட்க அங்கே இருந்தது ஒரே ஓர் ஆள்தான்: அவருடைய கணவர், கடிகாரக் கடைக்காரர். ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, ஆயுள் முழுக்க முக்காலியில் உட்கார்ந்தே குட்டித் திருகாணிகளோடு மல்லுக்கட்டியவர். குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு கூடிய பிறகும், கையை ஊன்றாமல் நாற்காலியை விட்டு எழ அவரால் முடியவில்லை.

நர்ஸாக இருக்கும் மகள் கடைச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"கையை ஊனாம எழுந்து காட்டுங்கப்பா, சாவியைத் தரேன். இல்லன்னா கடையை வேற யாருக்காவது விட்டுடலாம்."

கடை போனால் மனுஷர் உயிரோடு இருந்தும் இல்லாத மாதிரிதான். அது டீச்சருக்குத் தெரியும். நாற்காலியைச் சுவரோரம் போட்டு, வலிக்காத அளவுக்கு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக உட்கார்ந்து எழச் சொல்லியிருந்தார் டாக்டர். டீச்சர் விசிலை எடுத்தார். "ம்... எழுந்திருங்க! உட்காருங்க!"

"நான் என்ன உன் பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?" என்று கடைக்காரர் பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொண்டார். கெஞ்சினால் மிஞ்சுவார், மிஞ்சினால் கெஞ்சுவார் என்பதெல்லாம் வேறு வீட்டுக் கணவர்களுக்கு. இவர் எதற்கும் மசியவில்லை. டீச்சர் சமையலறையில் போய் அழுதுவிட்டு வந்தார்.

ஒருநாள் காலையில், ஸ்பிரிங்கை முறுக்க மறந்ததால் கூடத்துச் சுவர்க் கடிகாரம் நின்றுபோனது. டிக் டிக் சத்தம் நின்றதும் கடைக்காரருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு கையில் லென்ஸ், மறு கையில் திருப்புளி. ஊன்றக் கை ஏது? முக்கி முனகி, ஒருவழியாக எழுந்தே விட்டார்! டீச்சர் திறந்த வாயை மூடவில்லை.

அன்றிலிருந்து அந்தக் கடிகாரத்துக்கு அடிக்கடி நெஞ்சடைப்பு வந்தது. கடைக்காரர் குளிக்கப் போனால் நிற்கும், கண்ணயர்ந்தால் நிற்கும். கண்ணாடிக் கதவைத் திறந்து பெண்டுலத்தை விரலால் பிடித்து நிறுத்துவது டீச்சர்தான். கணவர் நன்றாக நிமிர்ந்து நிற்கட்டும் என்று எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு ஆணியை இன்னும் மேலே அடிக்கவும் வைத்தார். தான் குள்ளம் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஊருக்குத்தான் உபதேசம், ஓய்வு பெற்ற நாளிலிருந்து டீச்சர் ஒரு காலைக்கூட நீட்டி மடக்கியதில்லை. காலையில் எழுந்தால் குதிகால் வலியில் நொண்டுவார். இப்போது நுனிக்காலில் நின்று எக்கி எக்கி, திருட்டு வேலை பார்த்தார்.

அடுத்த முறை மகள் வந்தபோது கடைக்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு ஜம்மென்று எழுந்து நின்றார். மகள் வாயெல்லாம் பல்லாகச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"எல்லாம் அந்தக் கடிகாரம் செஞ்ச புண்ணியம்," என்றார் டீச்சர், ஒன்றும் தெரியாதவர் போல.

"ஆமாமா. ஸ்பிரிங்ல முறுக்கு முழுசா இருக்கும், கடிகாரம் மட்டும் நிக்கும். இது என்ன நோய்னு எனக்குத் தெரியாதா?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "தெரிஞ்சுமா தினமும் எழுந்தீங்க?"

"கண்ணை மூடினவன் எல்லாம் தூங்கறானா? நீ எக்கி எக்கி நிறுத்தறதைப் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இப்பல்லாம் காலைல நொண்டறியா நீ? நான் வாயைத் திறந்திருந்தா எக்கறதையே விட்டுருப்ப."

டீச்சர் யோசித்துப் பார்த்தார். குதிகால் வலித்துப் பல நாள் ஆகியிருந்தது. "கள்ளம் பிடிச்ச மனுஷன்!" என்று திட்டும்போதே கண் நிறைந்துவிட்டது.

மறுநாள் காலை, கடைக்காரர் சட்டைப்பையில் சாவியைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"மத்தியானம் சாப்பிட வருவேன். அதுக்குள்ள நிறுத்தி வை."

"நீங்க இல்லாத வீட்டுல நான் எதுக்குங்க நிறுத்தணும்?"

"நான் வந்து ஓட விடத்தான்."

படியில் அவர் செருப்புச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கித் தெருவோடு கலந்தது. டீச்சர் கூடத்துக்கு வந்தார். கழுத்து விசிலைக் கழற்றிக் கைக்கெட்டிய வேறோர் ஆணியில் மாட்டினார். சுவரில் ஒரு கையை ஊன்றி, நுனிக்காலில் எக்கி, பெண்டுலத்தைப் பிடித்தார்.