மால்டா கோயில் சுவத்துல நம்ம ஊர் தோணி

மெழுகுவர்த்தியை ஊதி அணைச்சதும் ஒரு புகை வாசம் வருமே... அந்தக் கோயிலுக்குள்ள அதுதான் அடிச்சுது. ஆனா ஒரு மெழுகுவர்த்திகூட எரிஞ்ச மாதிரி இல்ல. ஆளும் இல்ல.

மால்டா தீவு. நான் கப்பல்ல எஞ்சினுக்கு எண்ணெய் போடுற ஆயிலரா சேர்ந்த புதுசு, முப்பது வருஷம் இருக்கும். இத்தனை நாளா யார்கிட்டயும் சொன்னதில்ல. இப்ப எழுதலாம்னு சம்பந்தப்பட்டவங்களே சொல்லிட்டாங்க, அதான்.

சரக்கு இறக்கிற அன்னைக்கு, கரைக்குப் போயிட்டு வர ஷோர் லீவ் கொடுத்தாங்க. கூட வந்தவனுங்க எல்லாம் பீர் கடையைத் தேடிப் போயிட்டானுங்க. நமக்குத்தான் ஊர் பார்க்கிற கிறுக்கு ஆச்சே...

மத்தியான வெயில். தெரு பூரா மஞ்சக்கல் வீடுங்க, எல்லா ஜன்னலும் சாத்தியிருக்கு. என் ஷூ சத்தம் எனக்கே திரும்பி வருது. படகுத்துறையில ஒவ்வொரு படகு முகப்புலயும் ரெண்டு கண்ணு வரைஞ்சிருந்தாங்க. நான் நடக்க நடக்க அதுங்க என்னையே பார்க்கிற மாதிரி இருந்துச்சு.

கோயில் கோபுரத்துல ரெண்டு கடிகாரம். ரெண்டும் வேற வேற நேரம். ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு சாத்தானை ஏமாத்தவாம். பூசை எப்போன்னு அவனுக்குத் தெரியக்கூடாதாம். சாத்தானுக்குன்னு தனியா ஒரு கடிகாரமான்னு சிரிச்சுக்கிட்டேதான் உள்ள போனேன்.

உள்ள சுவர் முழுக்கச் சின்னச் சின்ன படங்கள். புயல், கப்பல், மேல மேகத்துல மாதா. கடல்ல பிழைச்சு வந்தவங்க நன்றிக்கு வரைஞ்சு மாட்டினதாம்.

கீழ் வரிசையில ஒரு படம். கடல் கன்னங்கரேல்னு இருக்கு. நடுவுல... நம்ம ஊர் தோணி.

இடுப்புல சாரம் கட்டின எட்டு ஆளு. பாய்ல முக்கோணமா ஒரு நீலத் துணி ஒட்டு.

அந்த ஒட்டு நானும் எங்க அண்ணனும் சேர்ந்து தச்சது. நான் மால்டா போறதுக்கு ரெண்டு வருஷம் முன்னால அந்தத் தோணியிலதான் அண்ணன் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏத்திட்டுப் போனான். எட்டுப் பேர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கல. அண்ணன் சம்சாரம், எங்க மதினிக்கு அப்ப இருபத்திநாலு வயசு.

படத்துல ஏழு பேர் மாதாவைப் பார்த்துக் கும்பிடுறாங்க. ஒருத்தன் மட்டும் என்னைப் பார்க்கிறான். முகம் நகத்தளவுதான், கண்ணு மூக்குகூடச் சரியா இல்ல. ஆனாலும் பார்க்கிறான். எனக்குப் பயமும் சந்தோஷமும் ஒண்ணா வந்துச்சு.

பின்னால யாரோ நிக்கிற மாதிரி இருந்துச்சு. திரும்பினா கோயில் காவல்காரர். எப்ப வந்தார்னே தெரியல. இது யார் மாட்டினதுன்னு கேட்டேன். தெரியாது, எங்க அப்பா காலத்துலருந்தே இருக்குன்னார். பிழைச்சவங்க மட்டும்தான் இங்க மாட்டுவாங்கன்னும் சொன்னார், அவருக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல.

அவங்க அப்பா காலம்னா எங்க அண்ணன் பிறந்திருக்கவே மாட்டான். புத்திக்கு அது தெரியுது... கால்தான் நகர மாட்டேங்குது.

ஊருக்கு வந்தா, மதினிக்கு மறுகல்யாணம் பேசி முடிச்சிருந்தாங்க. மணப்பாட்டு மாப்பிள்ளை, தங்கமான மனுஷன். எங்க அம்மாவே முன்ன நின்னு பேசினது.

வீட்டுல எல்லாரும் சுத்தி உட்கார்ந்து மால்டா கதை கேட்டாங்க. ரெண்டு கடிகாரத்தைச் சொன்னேன். கண்ணு வச்ச படகைச் சொன்னேன். "பெறவு அந்தக் கோயிலுக்குள்ள..."ன்னு ஆரம்பிச்சேன். மீன் கழுவிக்கிட்டிருந்த மதினி நிமிர்ந்து பார்த்தாங்க. நான் பேச்சை மாத்திட்டேன்.

எங்க கோயில்ல கல்யாணத்துக்கு முன்னால மூணு ஞாயித்துக்கிழமை ஓலை வாசிப்பாங்க. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிஞ்சவங்க சாமியார்கிட்ட சொல்லணும்னு. அண்ணன் உயிரோட இருந்தா அதைவிடப் பெரிய தடை ஏது?

மூணு வாரமும் பெஞ்சை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு பழைய படத்தைச் சொல்லி ஒரு பொண்ணு வாழ்க்கையை நிறுத்துறதா? சொல்லாம விட்டு, அவன் ஒரு நாள் வாசல்ல வந்து நின்னா?

கல்யாணம் நடந்துச்சு. யாரும் வரல. ஆனா ரொம்ப வருஷத்துக்கு, எங்க வீட்டுக் கதவை யாராவது தட்டினா நான் போய்த் திறந்ததில்ல.

மதினி நல்லா வாழ்ந்தாங்க. இப்ப பேரன் பேத்தி எடுத்தாச்சு. அந்த மனுஷன் போன வருஷம் தவறிட்டார்.

அப்பல்லாம் கப்பல்லருந்து ஒரு லெட்டர் வர ஒரு மாசம் ஆகும். ஒண்ணைச் சொல்ல வேண்டாம்னு நினைச்சா அப்படியே விட்டுடலாம். இப்ப என் மகள் அதே மால்டாவுல நர்ஸ். இங்க பார்க்க என்னல்லாம் இருக்குப்பான்னு கேட்டா. எல்லாம் சொன்னேன், அந்தக் கோயிலைத் தவிர. அவளாவே போய், வீடியோ எடுத்து, ஃபேமிலி குரூப்ல போட்டுட்டா. 'நம்ம ஊர் தோணி மாதிரியே ஒண்ணு இருக்கு பாருங்க'ன்னு ஒரு வரி வேற.

அஞ்சு நிமிஷத்துல மதினிகிட்டருந்து போன்.

"அன்னைக்கே பாத்துட்டுத்தானே வந்தே, தம்பி?"

நான் போனோட எந்திரிச்சு வாசலுக்கு வந்தேன்.

"கோயிலுக்குள்ளன்னு ஆரம்பிச்சு நிப்பாட்டினேல்லா... அப்பவே என்னமோ இருக்குன்னு தெரியும். நான் கேட்டிருந்தா நீ சொல்லிருப்பே. அதான் கேக்கல."