துண்டு தேடாத நைட்டி

வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டேதான் உமாராணி பேசுவாள். விழுங்கிவிடப் போகிறாளே என்று அளவு கொடுக்க வந்தவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "மூச்ச வுடுக்கா, நைட்டில இடுப்ப யாரு பாக்கப்போறா?"

நெய்வேலியில் அவள் குடியிருக்கும் பிளாக்கில் கொடிக்குக் கொடி அவள் தைத்த பூப்போட்ட நைட்டிதான். அந்தத் துணிப் பூக்களை நம்பி வந்த தேனீக்கள் ஏமாந்து, பண்ருட்டி முந்திரித் தோப்புக்கே திரும்பிப் போனதாகக் கேள்வி.

பள்ளி ஆண்டுவிழா நாடகத்துக்குத் தைக்கச் சொல்லி அன்புக்கரசி டீச்சர் ஒருநாள் கைபேசியில் படம் காட்டினாள். விக்டோரியா ராணி காலத்துச் சீமாட்டி ஒருத்தி; முதுகில் கழுத்திலிருந்து தரைவரை கொசுவம், மார்பில் லேஸ் அருவி.

"அய்ய, நம்ம நைட்டிங்க டீச்சர் இது!"

"வீட்டு உடுப்புதான் உமா. இறுக்கிக் கட்டுற உள்பாடியக் கழட்டிப் போட்டுட்டு, சாயங்காலம் இதோடயே விருந்தாளிங்கள வான்னு கூப்பிடுவாங்க."

"துண்டு தேட மாட்டாங்களா?"

"எதுக்குத் தேடணும்?"

உமாராணி குண்டூசிகளை உள்ளங்கையில் துப்பினாள்.

அதற்கு முந்தின வைகாசியில், இரண்டு வருடமாய்ப் பேசாதிருந்த கம்மாபுரத்து அண்ணன் கொளஞ்சியப்பன், மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்து கதவைத் தட்டினார். "உமா, நான்தான்." அண்ணன் முன்னால் வெறும் நைட்டியிலா? மேலே போடும் துண்டு வெளியே கொடியில். உள்ளே ஓடிப் புடவையைச் சுற்றினாள். கொசுவத்துக்கான ஊக்கைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு பேச வரும், கத்த வராது; "தோ வரேண்ணே" என்றது வாசல்வரை எட்டவில்லை. கதவைத் திறந்தபோது வாசலில் பலாப்பழம் மட்டும் இருந்தது.

போனில் கூப்பிட்டாள். "தெறக்காத வூட்டுல யாராண்ட பத்திரிகை வைக்கறது?" என்று கேட்டு வைத்துவிட்டார். அத்தை இல்லாமலே கல்யாணம் நடந்தது.

டீச்சர் காட்டிய படத்தைப் பார்த்ததிலிருந்து அவள் தைக்கும் நைட்டிக்கெல்லாம் தோளிலிருந்து மார்பை மூடி இரட்டை ஃபிரில் உண்டு. கேட்காதவர்களுக்கும் வைத்துவிடுவாள். "இத அன்னிக்கே எனக்கு வச்சிக்கினு இருந்தா..." என்பாள். அதற்கு மேல் மிஷின்தான் பேசும்.

நேற்றும் கதவு தட்டப்பட்டது. போட்டிருந்த ஃபிரில் நைட்டியோடு, "தோ வரேண்ணே!" என்று கத்திக்கொண்டே ஓடினாள்.

"இன்னாமா, சிலிண்டருக்கு இம்மாம் ஓட்டமா?"

அவளும் சேர்ந்து சிரித்தாள். சிலிண்டர்காரர் போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போனார். உமாராணி போய் அதை அகலத் திறந்து, இஸ்திரிப் பெட்டியை முட்டுக்கொடுத்து வைத்தாள்.