சுருட்டை விரியனின் இரண்டாம் பெயர்

அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் வெஸ்ட் வின்ட்சரில் எந்தப் பிறந்தநாள் விருந்துக்குப் போனாலும் என் வேலையை நான் விளக்கியே ஆக வேண்டும்.

"ஹாஸ்பிடல்ல வொர்க் பண்றீங்கன்னாங்க. நர்ஸா?"

"இல்லைங்க, லைப்ரேரியன்."

"ஓ."

அந்த "ஓ"வில் பாதி அனுதாபம், பாதி சந்தேகம். ஒரு ஆன்ட்டி என் தட்டில் இன்னொரு வடையை வைத்தபடி, "பரவால்லம்மா, டென்ஷன் இல்லாத ஜாப்" என்று தேற்றினார். நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைப்பவள் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. முன்பெல்லாம் மல்லுக்கட்டுவேன். இப்போது வடையைத் தின்றுவிட்டுச் சும்மா இருக்கிறேன்.

என் வேலை இதுதான். ஒரு டாக்டருக்குத் தன் நோயாளி விஷயத்தில் சந்தேகம் வந்தால், உலகத்தில் யாராவது அதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்களா என்று தேடி, நம்பத்தக்கதைப் பொறுக்கி அவர் கையில் கொடுப்பது. புத்தக அலமாரிகள் பெரும்பாலும் போய்விட்டன. மருத்துவமனையின் அடித்தளத்தில், கேன்டீனை ஒட்டி ஒரு அறை, சில கம்ப்யூட்டர்கள், நான், எனக்கு மேல் ஒரு தலைமை நூலகர். மருத்துவ இதழ்கள் எல்லாம் சந்தா கட்டினால் திரையில் திறக்கும். திறப்பது எங்கள் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களுக்கு மட்டும். இந்த "மட்டும்" என்ற சொல்லோடுதான் எனக்குத் தீராத தகராறு.

தகராறு தொடங்கியது கானாவால். (கானா என்றதும் விருந்தில் ஒருவர் "சென்னை கானாவா, சூப்பர்!" என்று மேசையில் தாளம் போட்டார். நான் சொன்னது மேற்கு ஆப்பிரிக்க நாட்டை.) எங்கள் டாக்டர் ஒருவர் அந்த நாட்டின் வடக்கே ஒரு மாவட்ட மருத்துவமனையில் சில மாதம் வேலை செய்தார். அங்கேயும் ஒரு சின்ன நூலகம் இருந்தது. அதன் நூலகரை எனக்கு மின்னஞ்சலில் அறிமுகம் செய்து வைத்தார். டாக்டர் திரும்பி வந்து, வேறு வேலைக்கும் போய்விட்டார். எங்கள் தொடர்பு மட்டும் நிற்கவில்லை.

அந்த நூலகர் என்னை "மேடம்" என்பார், நான் அவரை "சார்" என்பேன். தலைமை நூலகரையே பெயர் சொல்லிக் கூப்பிடும் இந்த ஊரில் அது எனக்குச் சொந்த ஊர்க் காற்று மாதிரி இருந்தது. அவருடைய நூலகத்தில் இருந்த புத்தகங்களில் பாதி, பணக்கார நாடுகளில் வீட்டைக் காலி செய்தவர்கள் புண்ணியம் என்று நினைத்து அனுப்பிவைத்தவை. அதில் பல, மருந்தின் அளவே மாறிப்போன காலத்துக்கு முந்தையவை. அவற்றை மேல்தட்டில் ஏற்றி, யாரும் எடுக்காதபடி துணி போட்டு மூடி வைத்திருப்பதாக ஒருமுறை எழுதினார். ஏழை நாடுகளுக்கு மருத்துவ இதழ்களை இலவசமாகத் திறந்துவிடும் ஏற்பாடுகள் உண்டு. அவர்கள் நாடு சற்று முன்னேறிவிட்டதாம், அதனால் இலவசம் நின்றுவிட்டது. முன்னேறியதற்குத் தண்டனை என்று நான் எழுதினேன். அவர் ஒரு சிரிப்புப் பொம்மை அனுப்பினார்.

அவர் கேட்கும் கேள்விகளில் அவசரமானவை குறைவு. சர்க்கரை நோய்க்குச் சுவரொட்டி, நர்ஸ்களின் வகுப்புக்குப் பாடம், இப்படி. அதனால் ஒரு வசந்தகாலக் காலையில், மகரந்தத் தூசியில் தும்மிக்கொண்டே கம்ப்யூட்டரைத் திறந்தபோது வந்திருந்த செய்தி என்னைத் தூக்கிவாரிப் போட்டது. எங்களுக்குக் காலை என்றால் அவர்களுக்கு மதியம்.

அவர்கள் மருத்துவமனையின் பிரசவ வார்டு நர்ஸ் ஒருவரைப் பாம்பு கடித்துவிட்டது. விடுமுறை நாளில், நிலக்கடலை விதைக்கத் தன் நிலத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாராம். எழுதியவருக்கு அந்தப் பெண்ணை நன்றாகத் தெரியும். வாரம் தவறாமல் நூலகத்துக்கு வந்து படிக்கிற ஒரே நர்ஸ் அவர்தான். ஈறில் ரத்தம் கசிகிறது. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசையாமல் வைத்துப் பார்த்தால் உறையவே இல்லை, தண்ணீராக ஓடுகிறது. விஷமுறிவு மருந்து ஒருமுறை கொடுத்தாயிற்று, மறுமுறையும் கொடுத்தாயிற்று. குழாயில் ரத்தம் இன்னும் ஓடுகிறது. டாக்டரின் கேள்வி: இதே மருந்தை இன்னும் எவ்வளவு கொடுக்கலாம்?

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. கேட்ட கேள்விக்கு உடனே தேட மாட்டோம். முதலில் திருப்பி ஒரு கேள்வி கேட்போம். வருகிறவர் கேட்பது ஒன்று, அவருக்குத் தேவையானது வேறொன்றாக இருக்கும். இதைக் கண்டு என் கணவருக்கு எரிச்சல் வரும். "உப்பு எங்கன்னு கேட்டா, எதுக்குன்னு கேக்கற பாரு" என்பார். அன்றைக்கும் அதே பழக்கத்தில், "சார், மருந்துக் குப்பியின் லேபிளைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?" என்று எழுதினேன்.

படம் வந்தது. லேபிளில் இந்தியா என்று போட்டிருந்தது.

உண்மையைச் சொன்னால், பார்த்ததும் ஒரு கணம் பெருமையாக இருந்தது. எங்கோ ஒரு மூலையில் உயிரைக் காப்பாற்ற நம் நாட்டு மருந்து. லேபிளில் நான்கு பாம்புகளின் பெயர்கள். பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்த நால்வர்தான்: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். கடித்த பாம்பும் சுருட்டை விரியன் என்றுதான் அங்கே சொல்லியிருந்தார்கள். அவர்கள் எழுதிய அதே ஆங்கிலப் பெயர்தான் நம் ஊர்ப் பாம்புக்கும். சரியான மருந்துதானே, பிறகு ஏன் கேட்கவில்லை?

லேபிளில் அறிவியல் பெயரும் இருந்தது. அது இரண்டு சொற்கள். முதல் சொல் குடும்பம், இரண்டாவது சொல்தான் ஆள். பெயரில் எந்தப் பாதி ஆள், எந்தப் பாதி அப்பா என்று அமெரிக்கக் கவுன்டர்களில் நின்று விளக்கியே பாதி ஆயுளைக் கழித்தவள் நான். என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். என் மாத்திரையைக் கணவரின் பெயரில் தேடுவார்கள். அதனாலோ என்னவோ, என் கண் நேராக இரண்டாவது சொல்லுக்குப் போனது. மேற்கு ஆப்பிரிக்காவில் மனிதர்களைக் கடிக்கிற சுருட்டை விரியனின் பெயரைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். முதல் சொல் ஒன்று. இரண்டாவது சொல் வேறு.

இந்த வித்தியாசத்தைப் பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினேன். எழுதியிருந்தார்கள், ஒருவர் அல்ல, பலர். இந்தியப் பாம்பின் விஷத்தைக் கொண்டு செய்த மருந்துக்கு மேற்கு ஆப்பிரிக்கப் பாம்பின் விஷம் சரியாகக் கட்டுப்படுவதில்லை. எத்தனை குப்பி ஏற்றினாலும் பெரிய பயன் இல்லை; ஒவ்வாமை வரும் ஆபத்துதான் கூடும். அந்தப் பகுதிப் பாம்புக்கென்றே செய்த மருந்து வேறு இருக்கிறது. லேபிள் பொய் சொல்லவில்லை. அதில் உள்ளது உள்ளபடி அச்சாகியிருந்தது. வாங்கியவர்கள் முதல் பாதிப் பெயரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டார்கள், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்ன கட்டுரை பூட்டப்பட்டிருந்தது. எனக்குத் திறக்கும், அவருக்குத் திறக்காது. சுருக்கம் மட்டும் எல்லாருக்கும் தெரிந்தது. அதை வைத்து எந்த டாக்டரும் சிகிச்சையை நிறுத்த மாட்டார். கட்டுரையை அனுப்ப அனுமதி கேட்கலாம் என்றால், தலைமை நூலகர் ஒரு கூட்டத்தில் இருந்தார். கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே நூலக இடத்தைக் குறைப்பது பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கதவைத் தட்டிவிட்டேன்.

அவர் கெட்டவர் அல்ல. கேட்டு முடித்ததும் முகம் மாறியது. "கட்டுரையை அனுப்ப முடியாது, இதழ்காரர்களோடு நமக்குள்ள ஒப்பந்தமே போய்விடும். நீ படித்து, உன் சொந்த வார்த்தையில் எழுதி அனுப்பு. அதை யாரும் தடுக்க முடியாது. போ, உடனே போ" என்றார்.

எழுதினேன். இத்தனை வருட வேலையில் இவ்வளவு பயத்தோடு எதையும் எழுதியதில்லை. நான் டாக்டர் இல்லை. ஒரு சொல் பிசகினால் அங்கே ஒருத்தியின் உயிர். கட்டுரையில் இருந்ததைத் தாண்டி ஒரு எழுத்து சேர்க்காமல், யார் படித்தாலும் புரிகிறபடி ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அனுப்பிய கையோடு போன் செய்தேன். அவர் வார்டிலேயே நின்று டாக்டருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். பின்னால் யாரோ இருமும் சத்தமும் ஒரு குழந்தையின் அழுகையும் கேட்டன. டாக்டர் இரண்டாவது பத்தியை மறுபடி படிக்கச் சொன்னார். பிறகு, பெரிய ஊர் மருத்துவமனையில் வேறு மருந்து இருக்கலாம், அங்கே அனுப்பிவிடுவோம் என்று அவர் சொன்னது எனக்கே கேட்டது.

கொஞ்ச நேரத்தில் செய்தி வந்தது. "ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. கடவுள் உங்களை ஆசீர்வதிக்கட்டும் மேடம்."

சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் நடந்ததைச் சொன்னேன். என் கணவருக்கு ஈரோடு பக்கம்; இங்கே ஒரு மருந்துக் கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நம்ம ஆளுங்க அனுப்பலைன்னா அவங்களுக்கு அதுவும் இருக்காது. ஆப்பிரிக்கால பாதிப் பேர் உயிரோட இருக்கறதே நம்ம மாத்திரையாலதான். வாங்கறவன் செக் பண்ணித்தான் வாங்கணும்."

"செக் பண்றதுக்கான பேப்பரைத்தான் பூட்டி வெச்சிருக்காங்களே! எதை வெச்சு செக் பண்ணுவாங்க?"

"அதுக்கு ஏன் எங்கிட்ட கத்தற?"

"வேற யார்கிட்ட கத்தறது?"

அவர் சொன்னதும் பொய்யில்லை, அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. எங்கள் மகள் இங்கேயே பிறந்தவள், நாங்கள் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும். "வெயிட், கோப்ராவுக்குத் தமிழ்ல குட் ஸ்நேக்கா? சீரியஸ்லி?" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் தட்டைத் தள்ளிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இஸ் ஷி கோயிங் டு பி ஓகே?" என்று கேட்டாள். தெரியலை கண்ணா என்றேன்.

மறுநாள் காலை மருத்துவமனை பார்க்கிங்கில் காரை நிறுத்தும்போது போனில் செய்தி வந்தது. கானா நூலகர் எழுதியிருந்தது இவ்வளவுதான். "மேடம், அவளைப் பெரிய மருத்துவமனையில் கொண்டுசேர்த்துவிட்டோம். அங்கேயும் இருந்தது அதே இந்திய மருந்துப் பெட்டிதான். விடியும் முன்பு மூளையில் ரத்தம் கசிந்து இறந்துவிட்டாள். நீங்கள் அனுப்பியது சரியாக இருந்தது."

ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முகம் தெரியாத ஒருத்திக்காக அப்படி அழுவேன் என்று நினைத்ததில்லை. பக்கத்து காரிலிருந்து இறங்கிய பெண் கண்ணாடியைத் தட்டி "யூ ஓகே?" என்றாள். அலர்ஜி என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டேன்.

சரியாக இருந்தது என்ற அந்த வார்த்தை என்னை விடவே இல்லை. தேடினோம், கண்டுபிடித்தோம், ஒரு வழியாகக் கொண்டுசேர்த்தும் விட்டோம். தகவல் கிடைத்தால் உயிர் பிழைக்கும் என்றுதான் எங்கள் தொழில் மாநாடுகளில் எல்லாரும் மேடையேறிப் பேசுவோம். நானும் பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பெட்டி அங்கேயும் அதே பெட்டியாக இருக்கும் என்று எந்தக் கட்டுரையிலும் இல்லை.

சில வாரம் அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் வழக்கமான கேள்விகளைப் போலவே ஒன்று வந்தது. அந்த நர்ஸின் கணவர் நூலகத்துக்கு வந்தாராம். மனைவி எப்போதும் எங்கே உட்காருவாள் என்று கேட்டு, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து, நான் எழுதிய பக்கத்தை முழுதும் படித்தாராம். படித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாராம். நூலகர் அதை அப்படியே எனக்கு அனுப்பியிருந்தார்.

"எங்கள் பாம்புக்கு மருந்து இருக்கிறதென்று இந்தத் தாளில் போட்டிருக்கிறது. அது ஏன் எங்களுக்கு வரவில்லை?"

அவசரமில்லை மேடம், நேரம் கிடைக்கும்போது தேடிப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கீழே எழுதியிருந்தார்.